மெட்டுக்கு யாருலே ஞானஸ்நானம் குடுத்தா?

வாலே பேரப்புள்ள, வா. இந்தக் கட்டில்ல இரி. முகத்துல ஒரு புது வெளிச்சம் தெரியுதேன்னு காலையிலயே பாத்தேன். ஒங்க அம்மை சொல்லித்தான் வெவரம் தெரிஞ்சுது. கன்வென்ஷனுக்குப் போயிட்டு வந்த ராத்திரியே போன்ல கெடந்த சினிமாப் பாட்டு அம்புட்டையும் அழிச்சுப்புட்டியாமே. ஒங்க அப்பன் காருல ரேடியோவப் போட்டா காதைப் பொத்திக்கிடுதியாமே. உலகப்பாட்டு கேக்குற காதுல தேவசத்தம் விழாதுன்னு சோத்துக்கு முன்னால பிரசங்கம் வேற நடக்காம். நல்லது மக்கா, எனக்குப் பரம சந்தோசம். வீட்டுல ஒரு பரிசுத்தவான் இருந்தா வீட்டுவரியில ஏதும் தள்ளுபடி உண்டான்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டுப் பாக்கணும்.

ஒரே ஒரு சந்தேகம். பாட்டை மட்டுந்தானே அழிச்ச? திருமண்டலத் தேர்தல் வந்தா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அந்த வாட்ஸ்அப் குரூப்புல எவன் எவனைக் கள்ளன்னு சொல்லுதான், எந்த அணி எந்தக் கோர்ட்டுல கேசு போட்டிருக்குன்னு வெரலத் தேச்சுத் தேச்சுப் படிப்பியே, அது இன்னும் இருக்கா? இருக்கும், இருக்கும். அதுல ராகமும் இல்ல, தாளமும் இல்ல. அதனால உலகப்பாட்டுக் கணக்குல வராது போல.

சரி, கோவப்படாத. வேதத்துக்கே வருவோம். நீ புதுசாப் படிக்க ஆரம்பிச்சவன், நான் கண்ணு மங்குற வரைக்கும் படிச்சவன். ஆதியாகமம் நாலாம் அதிகாரத்தை எடு. ஒலகத்துல மொதமொதல்ல கின்னரமும் நாகசுரமும் வாசிச்ச கூட்டத்துக்குத் தகப்பன் யாரு? யூபால். யூபால் யாரு வம்சம்? சொல்லு பாப்போம். காயீன் வம்சம்லே! கூடப் பொறந்தவனைக் கொன்னவன் வழியில வந்தவன். சேத்து வம்சத்துல ஒருத்தனும் ஒரு பீப்பி ஊதுனதா அங்கன எழுதலை. அடுத்த அதிகாரத்தைப் பாரு, அவுக எல்லாம் எண்ணூறு வருசம் இருந்தோம், தொள்ளாயிரம் வருசம் இருந்தோம்னு வயசைத்தான் எண்ணிக்கிட்டு இருந்துருக்காவ.

இப்போ 1 சாமுவேல் 16. சவுல் ராசாவைப் பொல்லாத ஆவி புடிச்சு ஆட்டுது. தாவீதைக் கூட்டியாந்து சுரமண்டலம் வாசிக்கச் சொல்லுதாவ. அவன் வாசிச்ச ஒடனே ஆவி போயிருது. இந்த வாத்திய வித்தை காயீன் வீட்டுலல்லா பொறந்துச்சுன்னு அந்த ஆவி ஒரு ஆட்சேபனையும் பண்ணலை. ஆவிக்கு இருந்த வெவரம் சில பேருக்கு இல்லை. நான் ஒன்னைச் சொல்லலப்பா.

உன்னதப்பாட்டு படிச்சிருக்கியா? எட்டே அதிகாரம். அது கிறிஸ்துவும் சபையும்ப்ப. சரி, அப்பிடித்தான் நானும் படிச்சேன், அப்பிடித்தான் நம்ம சபை ஐயரும் சொல்லுவாரு. ஆனா வாலிபர் கூட்டத்துல அதுல ஏழாம் அதிகாரத்தை எந்திரிச்சு நின்னு சத்தமா வாசின்னா வாசிப்பியா? எனக்குத் தெரிஞ்சு எத்தனையோ ஐயருமாரு வந்துபோயிட்டாவ, ஒருத்தரும் அதைப் பிரசங்கத்துக்கு எடுக்கலை. அந்தப் பக்கம் வந்தாலே பைய ஏசாயாவுக்குத் தாவிருவாவ. அதையே எவனாவது கிட்டாரு போட்டு ஆல்பமா விட்டான்னு வையி, மொதப் புகார் கடுதாசி எழுதுறவன் நீயாத்தான் இருப்ப.

கன்வென்ஷன்ல அந்தப் பிரசங்கியாரு எந்த வசனத்தை வச்சு ஒங்களை எல்லாம் அழ வச்சாரு? நான் சொல்லட்டா? 1 கொரிந்தியர் 15:33. ஆகாத பேச்சும் சகவாசமும் நல்ல நடத்தையைக் கெடுத்துப்போடும்ங்கிற அர்த்தத்துல வருமே, அதான. எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கியா? நான் வாலிபனா இருக்கையிலயும் அதே வசனந்தான். அப்போ ரேடியோவுக்கு எதிரா, பொறவு டேப்ரிக்காடருக்கு எதிரா, இப்போ போனுக்கு எதிரா. நல்ல வசனம், குத்தமே சொல்லமுடியாது. ஆனா அந்த வாக்கியம் பவுல் சொந்தமா எழுதுனது இல்லலே. மெனாந்தர்னு ஒரு கிரேக்க நாடகக்காரன், ஏசு பொறக்க முந்நூறு வருசத்துக்கு முந்தி ஏதென்ஸ் பட்டணத்துல சிரிப்பு நாடகம் எழுதிக்கிட்டு இருந்தவன், அவன் எழுதுன வரின்னு வேத பண்டிதருமாரே சொல்லுதாவ. நாடகத்துக்குப் பேரு தாயிஸ். தாயிஸ்னா யாருன்னு கேட்டா... வேண்டாம், நீ இப்பத்தான் ரட்சிக்கப்பட்டிருக்க. ஒரு தாசி பேருன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிடுதேன்.

ஆக, சினிமாப் பாட்டு கேக்காதன்னு சொல்ல ஒங்க பிரசங்கியாரு எடுத்த வசனமே அந்தக் காலத்து சினிமா வசனம்!

அந்த ஒரு இடம் மட்டுமில்லை. அப்போஸ்தலர் 17-ல ஏதென்ஸ்காரங்ககிட்டப் பேசும்போது, ஒங்க கவிஞரே சொல்லிருக்காரேன்னு ஒரு வரியை எடுத்து விடுதாரு பவுல். அது அராத்துங்கிற புலவன் பாடுனது, அதுவும் சீயஸ் சாமியைப் பத்தி. தீத்துவுக்கு எழுதுன நிருபத்துலயும் கிரேத்தா தீவுப் புலவன் ஒருத்தனை இழுத்து வைக்காரு. இதெல்லாம் அவரு காதுல எப்பம் விழுந்துச்சு? சின்ன வயசுல விழுந்துருக்கும், பட்டணம் பட்டணமாச் சுத்தும்போதும் விழுந்துருக்கும். அன்னைக்குக் காதைப் பொத்தியிருந்தாருன்னா அந்த வசனமும் இல்ல, ஒங்க கன்வென்ஷன்ல அன்னைக்கு ராத்திரி பிரசங்கமும் இல்ல.

பெரிய வெள்ளிக்கெழமை மூணு மணிநேர ஆராதனையில நீ கண்ணைத் தொடச்சுக்கிட்டு இருந்ததை நான் பாடகர் குழுவுல இருந்து பாத்தேன். எந்தப் பாட்டுக்கு அழுத? பாமாலையில முள்முடி சூடுன ஆண்டவர் தலையைப் பத்தி வருமே, அந்தப் பாட்டுக்கு. எனக்கும் அது வந்தா தொண்டை அடைக்கும். பேஸ் பாடுறவன் தொண்டை அடைச்சா ஒருத்தருக்கும் தெரியாதுங்கறது ஒரு சௌகரியம். அந்த மெட்டுக்கு மூலம் என்னன்னு எங்க ஆர்கன் வாத்தியாரு ஒருநாள் சொன்னாரு. 1601-ல ஹாஸ்லர்னு ஒரு ஜெர்மன்காரன் போட்ட மெட்டு. என்ன பாட்டு? ஒரு பொம்பளைப் புள்ளையால மனசு கலங்கிப்போச்சே, ராவும் பகலும் தூக்கமில்லையேன்னு ஒரு வாலிபன் பொலம்புற பாட்டு. அச்சுல வந்து பத்துப் பன்னெண்டு வருசத்துல, அது பாட்டுக்குச் சாவுப்பாட்டு வேசம் கட்டிக் கோவிலுக்குள்ள வந்துட்டு. பொறவு கெர்ஹார்ட் ஐயரு 1656-ல எழுதுன பாடுகளின் பாட்டு அதுமேல ஏறி உக்காந்துட்டு. பாக் எழுதுன மத்தேயு பாடுகள்ல அதே மெட்டு திரும்பத் திரும்ப வருது. பொண்ணுக்காகக் கலங்குன மனசுக்குப் போட்ட மெட்டு, முந்நூத்தம்பது வருசத்துக்கு மேலாச் சிலுவைக்காகக் கலங்குறவனைத் தாங்கிக்கிட்டு நிக்குது. அந்த மெட்டுக்கு எந்த ஐயருலே ஞானஸ்நானம் குடுத்தாரு? எந்த ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாவ?

பாக் பேரை எடுத்ததுனால இன்னொன்னு. அவரோட கிறிஸ்மஸ் ஓரட்டோரியோன்னு ஒன்னு, தொடக்கத்துலயே மொரசும் எக்காளமும் முழங்கும். கேட்டா மேய்ப்பருமாரு ஓடியாந்து நிக்குற மாதிரி இருக்கும். 1734 கிறிஸ்மஸுக்கு லைப்சிக் கோவில்ல பாடுனது. அதுக்கு மொத வருசம் அதே மெட்டுதான் சாக்சனி ராணியம்மா பொறந்தநாளுக்கு வாழ்த்துப்பாட்டா முழங்கிச்சு. வார்த்தையை மட்டும் மாத்தினாரு மனுசன். எழுதுனது வீணாகக்கூடாதுன்னு நெனைச்சிருப்பாரு. நல்ல சிக்கனக்காரரு, நம்ம ஊர்ல பொறந்திருக்க வேண்டியவரு.

அதுக்காக எல்லா மெட்டும் எல்லாத்துக்கும் ஆகும்னு நான் சொல்ல வரலை. லூத்தர் 1535-ல ஒரு கிறிஸ்மஸ் பாட்டு எழுதும்போது தெருவுல பாடுற ஒரு மெட்டுக்குத்தான் எழுதினாரு. பொறவு 1539-ல அதே பாட்டுக்குப் புது மெட்டுப் போட்டுட்டாவ. பழைய மெட்டைக் கேட்டாலே சனங்களுக்கு ஆட்டமும் கூத்தும் ஞாபகம் வந்துருக்கும்லா. அது புத்திசாலித்தனம். மெட்டு மேல பழி போட்டு ஒடைக்கலை, சனங்க மனசு எங்கன போகுதுன்னு பாத்து மாத்துனாவ. சூரிச் பட்டணத்து சுவிங்லி ஐயரு வேற மாதிரி. அவரே நல்லா வாத்தியம் வாசிக்கத் தெரிஞ்ச ஆளு. ஆனா அவரு காலத்துல, 1527-ல, பெரிய கோவில்ல இருந்த ஆர்கனையே கழட்டிப் போட்டுட்டாவ. இங்கன என்னடான்னா, கீபோர்டும் ரிதம் பேடும் பிசாசு, ஆர்கன் ஒன்னுதான் பரிசுத்தம்னு கமிட்டிக் கூட்டத்துல மேசையைத் தட்டுதாவ. சுவிங்லி கேட்டா ரெண்டு கட்சியையும் சேத்து வெளிய தள்ளிருப்பாரு.

டிசம்பர் வந்தா நீங்க லாரியில ஏறி கேரல் ரவுண்ட்ஸ் வாரீங்களே, மொதல்ல என்ன பாடுதிய? ஜிங்கிள் பெல்ஸ். அதுல ஏசு எங்கலே வாராரு? மரியாளும் இல்ல, யோசேப்பும் இல்ல, மாட்டுக் கொட்டகையும் இல்ல. ஒரு குதிரை வண்டியும் பனியும் சிரிப்பாணியுந்தான் உண்டு. 1857-ல பியர்பாண்ட்னு ஒரு அமெரிக்காக்காரன் எழுதுன உல்லாசப் பாட்டு. நம்ம நாசரேத் பக்கம் பனி பேஞ்சா பனையோலை நனையும், அம்புட்டுத்தான். அந்தப் பாட்டைப் பாடிட்டு வீட்டுக்கு வீடு காணிக்கை கவரும் வாங்கிட்டுப் போறீங்க. அதை அழிச்சியா போன்ல இருந்து? அது இங்கிலீசு, அதனால தானாவே பரிசுத்தமாயிருது போல.

நம்ம பாட்டுக்கு வருவோம். கீர்த்தனைப் புஸ்தகத்தை எடுத்தா ஒவ்வொரு பாட்டுக்கு மேலயும் ராகமும் தாளமும் போட்டிருக்கும். அது எந்த வேதாகமத்துல இருந்து வந்துச்சு? வேதநாயகம் சாஸ்திரியாரு திருநெல்வேலியில 1774-ல பொறந்தவரு, சுவார்ட்ஸ் ஐயரு கூட்டிக்கிட்டுப் போய் தஞ்சாவூர்ல படிக்க வச்சாரு. சரபோஜி ராசாவோட சேந்து படிச்சவரு. அரமனையில சதிரும் குறவஞ்சியும் நடக்குற ஊரு அது. அவரு என்ன செஞ்சாரு, காதைப் பொத்திக்கிட்டாரா? குற்றாலத்து ஈசனுக்குப் பாடுன குறவஞ்சி இருக்குல்லா, குறத்தி வந்து கை பாத்துக் குறி சொல்லுவாளே, அந்த வடிவத்தை அப்பிடியே தூக்கி பெத்லகேம் குறவஞ்சின்னு பாடிட்டாரு. சிங்கன் சிங்கி எல்லாம் உண்டு. மதுரை அமெரிக்கன் மிசன் வெப் ஐயரு 1853-ல கீர்த்தனைப் புஸ்தகம் அச்சடிச்சப்போ சாஸ்திரியாரு பாட்டு அதுல ஏறிச்சு. இன்னைக்கும் மங்களம் பாடாம நம்ம கல்யாணம் முடியுதா? சாதி விசயத்துல அவரு மிசனரிமாரோட மல்லுக்கட்டுனது எனக்கு ஆகாது, அதை மறைக்க மாட்டேன். பாட்டுல அவருக்கு முன்னால நான் தலைப்பாகையைக் கழட்டிருவேன்.

சாம்பவர்வடகரையில பொறந்த ஆபிரகாம் பண்டிதரைத் தெரியுமா? மருந்து வித்துச் சம்பாரிச்ச காசைப் போட்டு 1912-ல இருந்து தஞ்சாவூர்ல சங்கீத மாநாடு நடத்துனாரு. பிராமண ஐயருமாரும் ஐயங்காருமாரும் வந்து பாட, ஒரு கிறிஸ்தவரு சுருதிக் கணக்குக் கேட்டு எதிர்வாதம் பண்ணுதாரு. 1917-ல கருணாமிர்த சாகரம்னு ஒரு புஸ்தகம் போட்டாரு, தலைக்கு வச்சுப் படுத்தா கழுத்து வலிக்கும், அம்புட்டுப் பெருசு. சிலப்பதிகாரத்து இசையில பாலை எப்பிடித் திரிஞ்சுதுன்னு தேடித்தேடி எழுதின மனுசன் ஞாயித்துக்கெழம கோவிலுக்குப் போறதை விடலை. உலகப்பாட்டுப் படிச்சு அவரு விசுவாசம் கரைஞ்சுபோச்சுன்னு நான் கேள்விப்படலை.

வில்லுப்பாட்டு? மாடன் கோவில் கொடையில பொறந்து வளந்தது. அதே வில்லை வச்சுத்தான் நம்ம ஆளுக வேதக்கதையும் பாடுதாவ. சந்திரபாபு? நம்ம தூத்துக்குடிக்காரரு, பனிமய மாதா பேரையே சுமந்துக்கிட்டுச் சினிமாவுல பாடி ஆடுனவரு. விடு, அடுக்கிக்கிட்டே போனா ராத்திரி ஆயிரும்.

ஒங்க பாட்டி கதை ஒன்னு சொல்லுதேன், அவ காதுல போடாத. கருப்பட்டிக்குப் பதனீர் காய்ச்சும்போது அடுப்படியில ஒரு பாட்டு முணுமுணுப்பா. மேரி மாதா பாட்டு. நம்மதான் சிஎஸ்ஐ ஆச்சே, இவ எங்கனருந்து மாதா பாட்டு படிச்சான்னு ரொம்ப நாள் எனக்குச் சந்தேகம். பொறவுல்லா தெரிஞ்சுது, மிஸ்ஸியம்மா படத்துல சாவித்திரி பாடுறது, 1955-ல வந்த படம். அதுக்கும் முந்தி 1948-ல ஞான சௌந்தரின்னு ஒன்னு, அதுலயும் தேவமாதாவைக் கூப்புடுற பாட்டு பட்டிதொட்டி எல்லாம் ஓடிச்சு. இப்போ நீ தீர்ப்புச் சொல்லு. படம் சினிமா, பாட்டு செபம், பாடுனது ஒங்க பாட்டி. இதை எந்தக் கணக்குல எழுதுவ? நீ கைப்புள்ளையா இருக்கையில ஒன்னை மடியில போட்டுத் தாலாட்டுனதும் அவதான். அதுல மாமனும் அத்தையுந்தான் வந்தாவ, அப்போஸ்தலர் ஒருத்தரும் வரலை. ஆனாலும் நீ நல்லாத்தான் தூங்குன.

பனை ஏறுன குடும்பத்துப் புள்ள நீ, ஒனக்கு இதைச் சொன்னா வெளங்கும். மரம் ஒன்னு, பாளை ஒன்னு, சீவுற அருவா ஒன்னு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுனா பதனீரு, தடவாமக் கட்டுனா கள்ளு. நீ என்ன பண்ணிட்ட? கள்ளு ஆகாதுன்னு பனையையே தூரோட வெட்டிச் சாச்சுட்டு வந்து நிக்க. சுண்ணாம்பு தடவ வேண்டியது ஒன் கலயத்துலலே.

பிலிப்பியர் 4:8-ல பவுல் ஒரு பட்டியல் குடுக்காரு. உண்மையானது, நேர்மையானது, சுத்தமானது, அன்பானது எதுவோ அதை நெனைச்சுக்கிட்டு இருங்கங்காரு. கோவிலுக்குள்ள பாடுனது மட்டும்னு ஒரு வார்த்தை சேக்கலை. அந்தப் பட்டியலை வச்சுப் பாரு. பொம்பளையைக் கறி மாதிரி கூறு போட்டுப் பாடுறானே, அந்தப் பாட்டை எறி. நானும் ஒன் பக்கம். ஒங்க அண்ணன் கல்யாண ஊர்வலத்துல போடுறானே, குடிச்சா என்ன தப்புன்னு ஒரு பாட்டு, அவன் அதுக்கு ஆடுறதை நானும் பாத்தேன். அதைக் கிறிஸ்தவச் சுதந்திரம்னு அவன் சொன்னா அவனுக்கும் ஒருநாள் இந்தக் கட்டில்ல இடம் இருக்கு. ஆனா ஒரு தகப்பன் மகளை நெனைச்சுப் பாடுறதும், வெளிநாட்டுக்குப் போனவன் ஊரை நெனைச்சுப் பாடுறதும் உண்மையானது இல்லையா? வேலைக்குப் போயிட்டு வந்து ஒங்க அப்பன் கேக்குற பழைய பாட்டு அவனை ஒங்க அம்மைகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேச வைக்குதுன்னா, அது அன்பானது இல்லையா? பாட்டு நின்ன பொறவு ஒங்க அம்மை மூஞ்சியையும் பாரு, ஒன் பிரசங்கம் நின்ன பொறவும் பாரு. எது சுத்தமானதுன்னு நீயே சொல்லிருவ.

இன்னொன்னும் சொல்லணும், இது ஒனக்கு ருசிக்காது. அகஸ்டின்னு பெரிய மகான், ஆயிரத்தி அறுநூறு வருசத்துக்கு முந்தி தன் பாவ அறிக்கைப் புஸ்தகத்துல பாட்டைப் பத்திப் பயந்து எழுதிருக்காரு. பாடுற பொருளை விட பாட்டு இனிமையில மனசு போயிருதே, அது பாவந்தானேன்னு. எந்தப் பாட்டைப் பத்தி? தெருப்பாட்டா? இல்ல, கோவில்ல பாடுற சங்கீதத்தைப் பத்தி! அவரு பயந்தது கோவிலுக்குள்ள நடக்குறதைப் பாத்து. போன வாரம் ஒங்க ஆராதனையில லைட்டை அணைச்சுட்டு, பொகை விட்டு, ஒரே வரியை எண்ண முடியாத மட்டும் பாடுனிய. கையைத் தூக்கிக்கிட்டு நின்னியே, எதுக்குலே தூக்குன, ஆண்டவருக்கா, கீபோர்டுக்கா? எனக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியும். கீபோர்டு தம்பி நிறுத்துன ஒடனே ஒன் அபிஷேகமும் நின்னுட்டுன்னா, கொஞ்சம் யோசிக்கணும்.

இம்புட்டும் பேசிட்டு ஒன்னைத் திரும்பவும் பாட்டு ஏத்தச் சொல்லுதேன்னு நெனைக்காத. ஒனக்கு ஒரு பாட்டு கேட்டா பழைய கூட்டாளியும் பழைய பழக்கமும் மனசுல வந்து கூப்புடுதுன்னா, கேக்காத. அது ஒன் உடம்புக்கு ஏத்த பத்தியம், நல்லா இரு. ரோமர் 14-ஐப் படி. ஒருத்தன் திங்கான், ஒருத்தன் திங்கல. திங்காதவன் திங்குறவனை நியாயந்தீர்க்காம இருந்தாச் சரி. ஒன் பத்தியத்தை ஊருக்குச் சட்டமாக்காத, ஒங்க அப்பன் கார்ல ரேடியோ பாடட்டும்.

வார ஞாயித்துக்கெழம வாலிபர் கூட்டத்துல உலகப்பாட்டு தலைப்புல ஒன்னைத்தான் பேசச் சொல்லிருக்காவளாம், ஐயரு சொன்னாரு. போய்ப் பேசு, நல்லாப் பேசு. 1 கொரிந்தியர் 15:33-ஐயும் எடு, தப்பில்ல. எழுதுனவன் பேரை மட்டும் விட்டுராத: மெனாந்தர். நாடகத்தைப் பத்தி எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு.